மலைக்கு வருகிறவர்களும் மலையிலேயே இருப்பவர்களும்

நேபாளத்தின் மலைக்கிராமப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசையோடு வெளிநாட்டு இளைஞர்கள் அதிகம் வந்து இறங்கும் மாதங்களில் ஒன்று அக்டோபர். மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். பனிமலைகள் பளிச்சென்று தெரியும். குளிரும் தாங்கக்கூடிய அளவில்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் அதே சமயத்தில்தான் தசைனும், அதைத் தொடர்ந்து திகாரும் வருகின்றன. நம் ஊர் நவராத்திரி, தீபாவளி நாட்களில் அங்கே கொண்டாடப்படும் பண்டிகைகள் அவை. பள்ளிகள் நீண்ட விடுமுறையில் இருக்கும். வெளியூர் ஆசிரியர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். சரி, குளிர்காலத்தில் வரலாமே என்றால், உயரமான மாவட்டங்களில் பனி காரணமாக அப்போதும் பள்ளிக்கு விடுமுறை. புதிய கல்வியாண்டு தொடங்குவது ஏப்ரல் நடுவில், அவர்களுடைய வைசாக மாதத்தில்.

சின்ன விஷயம்தான். ஆனால் வெளிநாட்டுத் தன்னார்வப் பணி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதியை இது விளக்கிவிடும். வருகிறவரின் விடுமுறையை வைத்து நாள் குறிக்கிறார்கள். கிராமத்தின் நாட்காட்டியை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இங்கிருந்துதான் இந்த விஷயத்தை யோசிக்கத் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல மனசு இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல. வருகிற பெரும்பாலானவர்களுக்கு அது நிறையவே இருக்கிறது.

இரண்டு வாரத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எவரெஸ்ட் அடிவாரத்தில் கும்பு பகுதி. அங்கே கும்ஜுங் என்ற கிராமம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,790 மீட்டர் உயரம். காட்மாண்டுவிலிருந்து லுக்லாவுக்குச் சின்ன விமானத்தில் போக வேண்டும். சுற்றுலா நெரிசல் மாதங்களில் அந்த விமானங்களில் பல காட்மாண்டுவிலிருந்தே கிளம்பாது. நாலைந்து மணி நேரம் சாலையில் போய் ராமேச்சாப் மாவட்டத்தில் உள்ள மந்தலி என்ற ஊரில் ஏற வேண்டும். மேகம் சூழ்ந்தால் அன்றைக்கு விமானம் இல்லை, மறுநாளும் இல்லாமல் போகலாம். லுக்லா 2,860 மீட்டர். அடுத்த பெரிய ஊரான நாம்சே 3,440 மீட்டர். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. அவசரப்பட்டால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே போக ஐந்து நாள், திரும்ப மூன்று நாள், விமானத்துக்காகக் காத்திருக்க ஒன்றிரண்டு நாள். கடைசியில் வகுப்பறைக்கு மிஞ்சுவது நாலைந்து நாள்தான். அதிலும் முதல் நாள் தலைவலியோடு போகும்.

அந்த நாலைந்து நாளில் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஷெர்பா மொழி, பள்ளியில் நேபாளி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்.இ.இ. என்ற பொதுத்தேர்வு இருக்கிறது. வந்தவர் ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுப்பார், விளையாட்டு வைப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். அவர் போன மறுநாள் வழக்கமான ஆசிரியர், விட்ட பாடத்தை எங்கிருந்து பிடிப்பது என்று பக்கம் தேடுவார். அடுத்த குழு வந்தால் மறுபடி அதே பாட்டு, அதே 'உன் பெயர் என்ன'.

இதே கும்ஜுங்கில் இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1953இல் டென்சிங் நோர்கேயோடு எவரெஸ்ட் ஏறிய நியூசிலாந்துக்காரர் எட்மண்ட் ஹிலாரி, அதற்குப் பிறகும் அந்தப் பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போனார். 1960, 61 வாக்கில் ஒரு பயணத்தின்போது, உங்களுக்கு என்ன செய்தால் உதவியாக இருக்கும் என்று தன்னோடு மலையேறிய ஷெர்பாக்களிடமே கேட்டார். அவர்கள் கேட்டது பள்ளிக்கூடம். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை என்ற பொருளில் அவர்களில் ஒருவர் சொன்னதாக ஹிலாரி பிற்காலத்தில் பல இடங்களில் நினைவுகூர்ந்தார். 1961இல் அலுமினியத் தகடுகளால் ஆன ஒரு சிறு கட்டடத்தில் கும்ஜுங் பள்ளி தொடங்கியது.

கட்டடத்தை எழுப்பியது நியூசிலாந்துக்காரர் குழு. பாடம் நடத்த வந்தவரோ டார்ஜிலிங்கிலிருந்து வந்த ஒரு ஷெர்பா ஆசிரியர். இந்த ஒரு முடிவுதான் அந்தப் பள்ளியைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. பிள்ளைகளின் வீட்டு மொழி அவருக்குத் தெரியும். கொடுங்குளிரிலும் ஊரோடு ஊராக இருப்பார். வெளிநாட்டவர் ஒருவரே வகுப்பில் நின்றிருந்தால், அவருடைய விசா முடியும் நாளில் பள்ளியும் நின்றிருக்கும்.

அடுத்தடுத்துப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் கோரிக்கைகள் வந்தன. ஹிலாரி தொடங்கிய இமாலயன் டிரஸ்ட் அந்தப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளைக் கட்டியது. 1963இல் அங்கே பெரியம்மை பரவியபோது, பள்ளி கட்டப் போன குழுவே ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டிவந்தது. ஒரு மருத்துவமனை இல்லாமல் முடியாது என்பது அப்போது தெளிவானது. 1966இல் கும்ஜுங்குக்கு அடுத்த ஊரான குண்டேயில் மருத்துவமனை எழுந்தது.

குண்டேக்கு வந்த மருத்துவர்களும் தன்னார்வலர்களே. நியூசிலாந்திலிருந்தும் பிற்பாடு கனடாவிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் கணவன் மனைவியாக வந்து இரண்டு ஆண்டுகள் அளவில் தங்கினார்கள். அவர்கள் முதலில் எதிர்கொண்ட பெரும் சிக்கல் முன்கழுத்துக் கழலை. மலைமண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் மிகக் குறைவு. திபெத்திலிருந்து வந்த உப்பிலும் அது இல்லை. பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. அதைவிடக் கொடுமை, கருவிலேயே அயோடின் கிடைக்காத குழந்தைகள் காது கேளாமலும், பேச்சு வராமலும், மூளை வளர்ச்சி குன்றியும் பிறந்தார்கள். இப்படிப்பட்டவர்கள் இல்லாத வீடுகள் குறைவு. அது அந்த ஊரின் தலைவிதி என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். மருத்துவர்கள் வீடு வீடாகப் போய் அயோடின் கலந்த எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். ஒரு ஊசி சில ஆண்டுகளுக்குத் தாங்கும். அதற்குப் பிறகு பிறந்த தலைமுறையில் அந்தக் குறைபாடு ஏறத்தாழ மறைந்தே போனது. மலைநாட்டில் வெளியார் செய்த உதவிகளில் இதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. இதில் படம் எடுத்துப் போட ஒன்றும் இருக்கவில்லை. ஒரு ஊசி, ஒரு பதிவேடு, ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் போய்த் தட்டும் பொறுமை, அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். குண்டே மருத்துவமனையில் சுகாதார உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் காமி தெம்பா ஷெர்பா. அந்த வட்டாரத்துக்காரர், ஹிலாரியின் பள்ளிகளில் படித்தவர். வெளிநாட்டு மருத்துவர்கள் மாறி மாறி வந்துபோனார்கள், அவர் அங்கேயே இருந்தார். நோயாளி சொல்வதை மருத்துவருக்குப் புரியவைப்பவரும் அவரே. நடுவயதை நெருங்கும்போது டிரஸ்டின் உதவியோடு பிஜி தீவுக்குப் போய் மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 2000களின் தொடக்கத்திலிருந்து குண்டே மருத்துவமனையின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வெளிநாட்டு மருத்துவர்கள் தொடர்ந்து தலைமை தாங்க வேண்டிய தேவை அத்தோடு தீர்ந்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்த வேலை இது. ஒரு தன்னார்வத் திட்டம் வெற்றி பெற்றது என்று எப்போது சொல்லலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், இந்த மருத்துவமனையைத்தான் காட்டுவேன்.

இந்த நல்ல கதைக்குள்ளேயே ஒரு சிக்கலான பக்கமும் உண்டு. மருத்துவமனைக்கான பொருட்களைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவது பெரும்பாடாக இருந்ததால், 1964இல் லுக்லாவில் ஓர் ஓடுதளம் அமைத்தார்கள். முதலில் பார்த்த சமவெளி நிலத்தை விவசாயிகள் விற்க மறுத்துவிட்டார்கள். அது விளைநிலம், அவர்கள் மறுத்ததில் நியாயம் இருந்தது. சரிவான ஓர் இடம்தான் கிடைத்தது. செடிகொடியை வெட்டி, பாறையைப் பெயர்த்து, கடைசியில் மண்ணை இறுக்க வேறு வழியில்லாமல் ஊர்க்காரர்களை வரவழைத்து, குடிக்க மது கொடுத்து, தோளோடு தோள் சேர்ந்து ஆடவிட்டார்கள். ஷெர்பா ஆட்டத்தில் காலை ஓங்கி மிதிப்பார்கள். மிதித்து மிதித்தே தரை இறுகியது. அந்த ஓடுதளத்துக்குத் தார் போட்டது 2001இல்தான்.

மருத்துவமனைக்காக வந்த ஓடுதளம் வழியாகப் பிற்பாடு உலகமே வந்தது. சாலை முடியும் ஊரான ஜிரியிலிருந்து பல நாட்கள் நடந்து வர வேண்டிய இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் அரைமணி நேரத்தில் வந்து இறங்கினார்கள். விடுதிகளுக்கு விறகு வேண்டும், வெந்நீருக்கு விறகு வேண்டும். அந்த உயரத்தில் ஒரு மரம் வளர எத்தனையோ ஆண்டுகள் ஆகும். காடு கரைவதைப் பார்த்து, நியூசிலாந்தின் உதவியோடு 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்காவை அமைத்தார்கள். ஷெர்பா குடும்பங்கள் பலவற்றுக்கு வருமானம் வந்ததும் அதே ஓடுதளத்தால்தான். நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் நல்ல நோக்கத்தோடு மலையில் எதைக் கட்டினாலும், கட்டியவர் நினைக்காத வழியிலும் அது வேலை செய்யும். இத்தனைக்கும் ஹிலாரியின் குழு அங்கேயே பத்தாண்டுக் கணக்கில் இருந்தது, தவறினால் திருத்த முடிந்தது. இரண்டு வாரத்தில் கிளம்பிப் போகிறவருக்கு, தான் செய்தது என்ன ஆயிற்று என்பதே தெரியவராது.

கண் மருத்துவத்தில் நடந்ததும் இதே வழிதான், வேகம் மட்டும் அதிகம். நேபாளத்தின் கிழக்கு மூலையில் ஓலாங்சுங்கோலா என்ற எல்லைக் கிராமத்தில் பிறந்தவர் சந்துக் ருயித். பள்ளிக்குப் போக அப்பாவோடு ஏறத்தாழ இரண்டு வாரம் நடந்து டார்ஜிலிங் போக வேண்டியிருந்தது. காசநோயில் தங்கையை இழந்தவர். 1980களில் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஃபிரெட் ஹாலோஸ் நேபாளம் வந்தபோது இருவரும் நண்பர்களானார்கள். ருயித் சிட்னிக்குப் போய் அவரோடு வேலை பார்த்தார். ஆண்டுதோறும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வந்து முகாம் போட்டுக் கண்புரை அறுவை செய்துவிட்டுப் போகலாம் என்ற எளிய வழி அவர்கள் முன்னால் இருந்தது. அவர்கள் எடுத்தது வேறு வழி. நேபாள மருத்துவர்களே அறுவை செய்யப் பழக வேண்டும், கண்ணில் பொருத்தும் லென்ஸும் நேபாளத்திலேயே தயாராக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஹாலோஸ் 1993இல் இறந்தார். மறு ஆண்டு காட்மாண்டுவில் திலகங்கா கண் மருத்துவமனை தொடங்கியது. அதையொட்டி லென்ஸ் தொழிற்சாலையும் வந்தது. வெளிநாட்டிலிருந்து நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய லென்ஸ் சில டாலருக்குக் கிடைக்கத் தொடங்கியது.

தமிழ் வாசகர்களுக்கு இது தெரிந்த கதை போல இருக்கும். காரணம் உண்டு. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஆரோலேப் மூலம் இதே லென்ஸை மலிவாகச் செய்யத் தொடங்கியிருந்தது. இரண்டு ஊர்களிலும் வெளிநாட்டு நண்பர்கள் கொண்டுவந்தது தொழில்நுட்பமும் முதலீடும். வேலையைக் கையில் எடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். இன்று திலகங்காவின் மருத்துவர்கள் சாலையே இல்லாத ஊர்களுக்குக் கருவிகளைச் சுமந்துகொண்டு போய் முகாம் போடுகிறார்கள். முதல் நாள் கட்டுப்போட்ட கண்ணோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் மறுநாள் காலை கட்டு அவிழ்த்ததும் பேரன் முகத்தைத் தடவிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கும் செவிலியர் அவர்கள் பேச்சிலேயே பதில் சொல்லுவார். அது தருகிற தைரியத்தை வெளியிலிருந்து வரும் எந்த நிபுணராலும் தர முடியாது.

இனி சொல்லப்போவது வேதனையான விஷயம். இதைச் சொல்லாமல் நேபாளத்தில் தன்னார்வப் பணியைப் பற்றி எழுதுவது நேர்மையாக இருக்காது.

1996 முதல் 2006 வரை நேபாளத்தில் மாவோயிஸ்ட் போர் நடந்தது. வடமேற்கு மூலையில் உள்ள ஹும்லா மாதிரியான மாவட்டங்களில் சாலை இருக்கவில்லை, பள்ளிகள் முடங்கின, பிள்ளைகளைப் படையில் சேர்த்துவிடுவார்களோ என்று பெற்றோர் பயந்தார்கள். அப்போது தரகர்கள் வந்தார்கள். பிள்ளையைக் காட்மாண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம், பணம் கொடுங்கள் என்றார்கள். நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் கொடுத்தவர்கள் உண்டு. பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடம் 'அனாதை இல்லம்'. பெற்றோர் இறந்ததாகப் போலிக் காகிதங்கள் தயாராயின. பெயர்கள் மாற்றப்பட்டன. அந்த இல்லங்களுக்கு வெளிநாட்டிலிருந்து நன்கொடை வந்தது, கட்டணம் கட்டிக்கொண்டு தன்னார்வலர்களும் வந்தார்கள்.

நேபாளத்தின் குழந்தைகள் இல்லங்களில் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல், தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருப்பவர்கள். அந்த இல்லங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது, காட்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் அதிகம் புழங்கும் ஐந்து மாவட்டங்களுக்குள்ளேயே இருந்தன. வறுமை அதிகமுள்ள தூரத்து மாவட்டங்களில் இல்லங்கள் மிகக் குறைவு. பயணிகள் வருகிற இடத்தில் இருக்கின்றன. இந்த ஒரு விவரம் போதும். குழந்தைகளின் தேவையைப் பார்த்து இல்லங்கள் முளைக்கவில்லை, பார்க்க வருகிறவர்களின் பணத்தைப் பார்த்து முளைத்தன. சில இடங்களில் குழந்தைகளை வேண்டுமென்றே மெலிந்த தோற்றத்தில், கிழிந்த உடையில் வைத்திருந்தார்கள். நன்றாக இருந்தால் நன்கொடை குறையும் என்பதுதான் கணக்கு.

அங்கே போன தன்னார்வலர்களில் மிகப் பெரும்பான்மை நல்லவர்கள். அதனால்தான் வலிக்கிறது. ஒரு மாதம் வந்து அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். அம்மாவை ஏற்கெனவே பறிகொடுத்த பிள்ளை, ஒட்டிக்கொண்டவரையும் மாதாமாதம் பறிகொடுக்கிறது. யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறும் குழந்தையைப் பார்த்து, எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்து எழுதுவார்கள். முன்பின் தெரியாதவர் மடியில் தயங்காமல் ஏறுவது குழந்தைக்குள் ஏதோ உடைந்திருப்பதன் அடையாளம் என்கிறது குழந்தை உளவியல். பின்னணி விசாரிக்காமல் யாரையும் உள்ளே விடும் இல்லத்தில் தவறான எண்ணத்தோடு வருகிறவரும் நுழைந்துவிடுவார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது வெளியே வந்தபோது பல நாடுகள் விழித்துக்கொண்டன. குழந்தைகளை இப்படி இல்லங்களுக்குக் கடத்துவது நவீன அடிமைமுறையின் ஒரு வடிவம் என்று 2018இல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானம், அனாதை இல்லச் சுற்றுலாவாலும் தன்னார்வப் பணியாலும் வரும் தீங்குகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைத் தடுக்கச் சொன்னது. நேபாளம் 2018இல் கொண்டுவந்த குழந்தைகள் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்தது. ஹும்லாவிலிருந்து போன பிள்ளைகளில் பலரை, மலை மலையாக நடந்து பெற்றோரைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்த்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையில் முன்னால் நடந்தவர்கள் நேபாளச் சமூகப் பணியாளர்கள். எந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் குடும்பம் என்று விசாரிக்க வேறு யாரால் முடியும்?

ஆகவே இந்த ஒன்றில் மட்டும் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. குழந்தைகள் இல்லத்தில் சில வாரம் தன்னார்வப் பணி என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அளவு 7.8, ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள், சுமார் ஐந்து லட்சம் வீடுகள் அடியோடு போயின. அன்று சனிக்கிழமை, நேபாளத்தில் பள்ளி விடுமுறை நாள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தும் பிள்ளைகள் தப்பியது அதனால்தான். உலகம் முழுவதிலுமிருந்து உதவி புறப்பட்டது. ஆனால் காட்மாண்டு விமான நிலையத்துக்கு இருந்தது ஒரே ஓடுதளம். அதுவும் தாங்காமல், 196 டன்னுக்கு மேற்பட்ட பெரிய விமானங்களுக்குத் தடை போட்டார்கள். வந்த பெட்டிகளில் டூனா மீனும் மயோனைஸும் இருக்கின்றன, எங்களுக்கு வேண்டியது தானியமும் உப்பும் சர்க்கரையும் என்று நிதியமைச்சரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டிவந்தது. அதே சமயம், மலையேற்றப் பருவம் பாதியில் நின்று வேலையிழந்த சுமைதூக்கிகளை உலக உணவுத் திட்டம் வேலைக்கு எடுத்தது. சரிந்த பாதைகளைச் செப்பனிட்டுக்கொண்டே, ஹெலிகாப்டர் இறங்க முடியாத ஊர்களுக்கு அரிசியையும் தகரத்தையும் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். கூலியும் அந்தக் குடும்பங்களுக்கே போனது. அரசு ஒரு வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய் தவணைகளாகக் கொடுத்தது. கல்லும் மண்ணும் கொண்டே நிலநடுக்கம் தாங்கும் வீடு எப்படிக் கட்டுவது, எந்த மட்டத்தில் மரக்கட்டு வைப்பது என்று உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி தந்தார்கள். செங்கல்லே பிடித்தறியாத கல்லூரி மாணவர் வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றிக் கொடுத்ததும் உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருடைய விமானக் கட்டணத்தில் எத்தனை கொத்தனார்களுக்கு எத்தனை நாள் கூலி கொடுத்திருக்கலாம் என்ற கணக்கையும் யாராவது போட்டிருக்க வேண்டும்.

அப்படியானால் வெளியார் யாருமே போகக்கூடாதா? அப்படியில்லை. எவரெஸ்ட் பாதையில் 4,200 மீட்டருக்கு மேல் பெரிச்சே என்ற ஊரில் இமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் ஒரு சிறு மருத்துவ நிலையம் நடத்துகிறது. 1973இல் தொடங்கிய அமைப்பு. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், அதாவது பயணிகள் நடமாடும் பருவம் முழுக்க, வெளிநாட்டு மருத்துவர்கள் அங்கே தன்னார்வலராகத் தங்குகிறார்கள். நாள்தோறும் பிற்பகலில், மேலே போகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவார்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் இருந்தால் மேலே ஏறாதே, தள்ளாட்டம் வந்தால் இரவென்றும் பாராமல் இறங்கு என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தைக் கொண்டு ஊர்க்காரர்களுக்கும் சுமைதூக்கிகளுக்கும் குறைந்த செலவில் வைத்தியம் நடக்கிறது. தேவை பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிறது, வருகிறவருக்கு வேண்டிய தொழில் தெரியும், அமைப்பு நேபாளத்தில் இருக்கிறது. அதனால் மருத்துவர்கள் மாறினாலும் நிலையம் நிற்கிறது.

தொழில் தெரியாவிட்டால் காலத்தைக் கொடுக்க வேண்டும். அமெரிக்க அரசின் தன்னார்வ அமைப்பான பீஸ் கோர் 1962 முதல் நேபாளத்துக்கு ஆட்களை அனுப்பியது. போர்க்காலத்தில் 2004இல் நிறுத்தி, 2012இல் மறுபடி தொடங்கியது. அதன் முறை எளிமையானது. முதல் மூன்று மாதம் அளவில் ஒரு நேபாளிக் குடும்பத்தோடு தங்கி மொழி கற்க வேண்டும், பிறகு இரண்டு ஆண்டு ஒரே கிராமம். முதல் ஆண்டு பெரும்பாலும் பழகுவதிலேயே போய்விடும். இரண்டாம் ஆண்டில்தான் ஊர் அவரை நம்பி ஒரு வேலையைக் கொடுக்கும். இரண்டு ஆண்டு என்பது தாராளம் என்று நமக்குத் தோன்றலாம். அதைவிடக் குறைவாக இருந்தால் ஊருக்குப் பயன் இருக்காது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். நேபாளத்தின் சுற்றுலா விசாவில் சம்பளத்தோடோ சம்பளமில்லாமலோ எந்த வேலையும் செய்யக்கூடாது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து போகும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் போக விசாவே தேவையில்லை. ஆனால் விசா வேண்டாம் என்பதால் ஒரு பள்ளிக்குள் நேராக நுழைந்து வகுப்பெடுக்கலாம் என்று ஆகிவிடாது. பணம் வாங்கிக்கொண்டு அழைக்கும் அமைப்பிடம் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: இந்த வேலையை ஊரில் யார் கேட்டார்கள், நான் வராவிட்டால் இதை யார் செய்வார்கள், நான் கட்டும் பணத்தில் ஊருக்குள் போவது எவ்வளவு, குழந்தைகளோடு பழக விடுமுன் என் பின்னணியை யார் சரிபார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்கு, அதெல்லாம் தேவையில்லை, வாருங்கள் என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவது நல்லது.

இன்றைய மலைக்கிராமத்தின் தேவையும் அறுபதுகளில் இருந்தது அல்ல. 2021 கணக்கெடுப்பின்போது சுமார் 22 லட்சம் நேபாளிகள் வெளிநாட்டில் இருந்தார்கள். மொத்த மக்கள்தொகையே மூன்று கோடிக்குச் சற்றுக் குறைவு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் நம் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கும் நேபாளிகளில் பலர் இந்த மலைகளிலிருந்து வந்தவர்கள். ஊரில் மாணவர் குறைந்து பள்ளிகள் இணைக்கப்படுகின்றன. வயல் தரிசாகிறது. முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். பனியாறுகள் உருகிப் புதுப்புது ஆபத்துகளும் வருகின்றன. 2024 ஆகஸ்டில் மேலே இருந்த பனியாற்று ஏரி உடைந்து, கும்பு பகுதியில் 'தாமே' என்ற கிராமத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, வீடுகளோடு அங்கிருந்த பள்ளியும் சுகாதார நிலையமும் சிதைந்தன. ஏரியைக் கண்காணிக்க, ஆற்றங்கரை நிலத்தை அளக்க, முதியோருக்கு வைத்தியம் பார்க்க, உள்ளூர் ஆசிரியருக்கு அறிவியல் பாடத்தில் கைகொடுக்க ஆள் தேவைப்படுகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் தொழிலாக இருந்தால், கேட்டவர் யார் என்று தெரிந்தால், சில மாதமாவது இருக்க முடிந்தால், தாராளமாகப் போகலாம். ஊருக்குப் போகாமல் காட்மாண்டுவிலிருந்தோ உங்கள் வீட்டிலிருந்தோ செய்யக்கூடியதும் இதில் உண்டு.

மூன்று வார விடுமுறைதான் இருக்கிறது, மலையையும் பார்க்க வேண்டும், மக்களுக்கும் ஏதாவது ஆக வேண்டும் என்றால், பயணியாகவே போங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. உள்ளூர் வழிகாட்டியை வையுங்கள், ஊர்க்காரர் வீட்டு விடுதியில் தங்குங்கள், உருளைக்கிழங்கும் பருப்புச் சோறும் அங்கேயே வாங்கிச் சாப்பிடுங்கள். சுமைதூக்கியை அமர்த்தும்போது சுமை 30 கிலோவுக்கு மேல் போகிறதா, அவருக்குக் காப்பீடு இருக்கிறதா, மேலே போகப்போக அந்தக் குளிருக்கேற்ற உடுப்பும் காலணியும் இருக்கின்றனவா என்று கிளம்புமுன் கேட்டுப் பாருங்கள். சுமைதூக்கிகளில் பலர் ஷெர்பாக்கள் அல்ல. தாழ்வான பகுதிகளிலிருந்து பிழைப்புக்காக ஏறி வரும் ராய், தாமாங், மகர் இனங்களைச் சேர்ந்த இளைஞர்கள். உயரம் நம்மைத் தாக்குவது போலவே அவர்களையும் தாக்கும். கூலி போய்விடுமே என்று தலைவலியைச் சொல்லாமல் மறைப்பார்கள். தினமும் மாலையில் சுமையை இறக்கியதும் 'தலை வலிக்கிறதா, சாப்பிட்டாயா தம்பி' என்று கேளுங்கள். வலிக்கிறது என்றால் துணைக்கு ஓர் ஆளையும் முழுக் கூலியையும் கொடுத்துக் கீழே அனுப்பிவையுங்கள்.